கிட் இல்லாமல் பேனா கடைய ஒரு டேப்-டை செட்: எது உருப்படி, எது பெட்டியை நிரப்ப வந்தது

கிட் வாங்கிப் பேனா செய்வதில் மரை வெட்டும் வேலையே கிடையாது. பித்தளைக் குழாயை ஒட்டி, மேலே கடைந்து, உலோகப் பாகங்களை அழுத்திச் சேர்த்தால் முடிந்தது. கிட்டை ஒதுக்கிவிட்டு மூடி, உடல், கழுத்து (நிப்பைத் தாங்கும், விரல் பிடிக்கும் பகுதி) மூன்றையும் அக்ரிலிக் தண்டிலேயே கடைய இறங்கினால், லேத்துக்கு அடுத்தபடியாகப் பணத்தை விழுங்குவது டேப்பும் டையும்தான். டேப் ஓட்டையின் உட்சுவரில் மரை வெட்டும், டை தண்டின் வெளிப்புறத்தில் வெட்டும். அதற்கென்றே பெட்டியில் போட்டு விற்கும் செட் ஒன்றின் மதிப்புரை இது.

பெட்டியில் இருப்பவை: 13×0.8 ட்ரிபிள் ஸ்டார்ட் (மூன்று தொடக்க மரை) டேப், அதே அளவில் டை, 12×0.8 ட்ரிபிள் ஸ்டார்ட்டில் இன்னொரு ஜோடி. 10×1 சாதா மரையில் ஒரு ஜோடி. ஜோவோ நிறுவனத்தின் 6ஆம் எண் நிப்புக்கான 7.4×0.5 டேப், லேத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் மாட்டும் டை ஹோல்டர். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு: முதல் எண் மரையின் விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு முகடுகளின் இடைவெளி. இதே சேர்க்கை பல பெயர்களில் கிடைக்கிறது, ஆகவே இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் மற்ற செட்களுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 13 ஜோடியும் நிப் டேப்பும் கொடுத்த காசுக்குத் தகும். 10 ஜோடி எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும் சாதாச் சரக்கு. 12 ஜோடி, துணைக்கு வேறொன்று வாங்காதவரை பெட்டியிலேயே தூங்கும். டை ஹோல்டரைக் கழித்துவிட்டு யோசியுங்கள்.

ட்ரிபிள் ஸ்டார்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மூடிக்கும் உடலுக்கும் நடுவே 4 மி.மீ. மரை பிடித்தால் போதும். 0.8 பிட்சில் சாதா மரை என்றால் அந்த 4 மி.மீ.க்கு ஐந்து சுற்று. ஒரு வரி எழுத ஐந்து சுற்று திருகித் திறந்தால், எழுத வந்த விஷயமே மறந்துபோகும். ட்ரிபிள் ஸ்டார்ட்டில் மூன்று மரைகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. நகரும், அதனால் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலே போனால் மூடி கையோடு வந்துவிடும். ஒற்றை மரையையே 2.4 பிட்சில் வெட்டினால் என்ன என்றால், பள்ளம் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. ஆழம் இறங்கும். பேனா உடலில் அவ்வளவு சதை கிடையாது.

இனி 13 டை. இது பிளவு போட்ட டை, அதுதான் முதல் நல்ல செய்தி. பக்கத்துத் திருகைத் தளர்த்தி, நடுத் திருகை இறுக்கினால் டை கொஞ்சம் விரியும். விரித்த நிலையில் ஒரு தடவை, பிறகு சுருக்கி இன்னொரு தடவை என்று இரண்டு ஓட்டமாக வெட்டலாம். மூடியில் மரை முன்பே வெட்டியிருந்தால், இரண்டாவது ஓட்டத்தில் டையைச் சிறுகச் சிறுகச் சுருக்கி, மூடி லொடலொடக்காமல், இறுகவும் செய்யாமல் உட்காரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பிளவில்லாத டையில் இந்த வசதி இல்லை, அது வெட்டித் தருவதே முடிவு. வேறு செட் பார்ப்பவர்கள் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது இந்தப் பிளவைத்தான்.

டை சரியாக இருந்தும் வேலை கெடுவது பெரும்பாலும் முதல் அரைச் சுற்றில். சாதா 0.8 மரையின் சாய்வு ஒரு டிகிரிக்குச் சற்று மேல், ட்ரிபிள் ஸ்டார்ட்டில் அது மூன்றரை டிகிரி. சாதா டை லேசாகத் தொட்டாலே கடித்துக்கொண்டு தானாக ஏறும். இது ஏறாது. பல்லை வைத்துத் திருப்பினால், முன்னே போகாமல் அதே இடத்தில் வட்டமாகச் சுரண்டும். சுரண்டியபின் கொஞ்சம் அழுத்தம் கிடைத்துப் பிடித்துக்கொள்ளும்போது, முதலில் வெட்டிய பள்ளமும் இப்போது வெட்டும் பள்ளமும் ஒன்றாக இராது. முனையிலுள்ள மரைகள் காகிதம்போல் மெலிந்து, மூடியை நாலு முறை திருகியதும் தூளாக உதிரும். அதற்குப் பிறகு மரை கழன்றது பேனாவுக்கா, கடைந்தவருக்கா என்று கேட்க ஆள் இருக்கும்.

எனவே தொடக்கத்தில் டைக்குப் பின்னாலிருந்து அழுத்தம் வேண்டும். வேலையைச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, டையின் எழுத்துப் பொறித்த முகத்தை வேலையின் பக்கம் வைத்து, டெயில்ஸ்டாக்கின் குயிலால் (முன்னும் பின்னும் நகரும் தண்டு) ஹோல்டரை முன்னே தள்ளிக்கொண்டே கையால் திருப்ப வேண்டும். ஒரு முழுச் சுற்று பிடித்தபிறகு தள்ளுவதை நிறுத்திவிடலாம், பிறகு டை தன் வழியில் போகும். கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று போனால்தான் சீவல் ஒடிந்து விழும். லேத் மோட்டாரை ஓட்டி இந்த மரையை வெட்ட முயல வேண்டாம். ஒரு சுற்றில் மூன்று மரைக்கான சதையை எடுக்கும் டை அது, மாட்டிக்கொண்டால் முளை, அதாவது மரை வெட்டுவதற்காக உடலின் முனையில் சிறுத்துக் கடைந்த பகுதி, திருகி ஒடிந்துவிடும்.

முளையின் விட்டம் 13.0 வைத்தால் தவறு. அக்ரிலிக் வெட்டுப்படும்போது கொஞ்சம் பிதுங்கி மேலேறுகிறது. மரையின் முகடு டையின் அடிப்பள்ளத்தில் போய் நெரிந்து வெள்ளை பூக்கும், நிறம் போட்ட தண்டில் அது பளிச்சென்று தெரியும். 12.85 முதல் 12.9 வரை கடைந்தால் முகடு சுத்தமாக வரும். முனையில் 45 டிகிரிச் சரிவு போட்டு, விளிம்பு விட்டம் 12க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அந்தச் சரிவு இல்லாமல் டை நேராக உட்காராது. முளை முடிந்து உடல் தொடங்கும் மூலையில், பார்ட்டிங் டூல் என்னும் ஒடுங்கிய வெட்டுளியால் ஒன்றரை மி.மீ. அகலத்தில் ஒரு காடி, ஆழம் 12 மி.மீ. விட்டம் வரை. டையின் முதல் சில பற்கள் சரிவாக இருப்பதால் மூலை வரை முழு மரை வராது. காடி இல்லையென்றால் மூடி கடைசி மில்லிமீட்டரில் முட்டி நிற்கும். காடி பிடிக்காதவர்கள் டையைத் திருப்பிப் போட்டு, இன்னொரு முகத்தால் மூலை வரை ஓட்டலாம். எந்தத் தொடக்கத்தில் நுழைந்தாலும் அது ஒரு பள்ளத்தில்தான் போய் விழும். ஆனாலும் திருகுகளைத் தொடாமல் திருப்பிப் போட வேண்டும்.

உயவுக்கு எண்ணெய் தேவையில்லை. தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போதும். வேலை முடிந்ததும் டேப்பையும் டையையும் துடைத்து லேசாக எண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் துரு. மரையை ஆல்கஹாலால் துடைக்கவே வேண்டாம், அசிட்டோன் கிட்டவே வேண்டாம். மரை வெட்டிய இடத்தில் அக்ரிலிக்குக்குள் இறுக்கம் நிற்கும். அங்கே ஆல்கஹால் பட்டால் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் கிளம்பும். உடனே தெரியாமல், சில நாள் கழித்துத் தெரிவதால், பலரும் டையைக் குறை சொல்கிறார்கள்.

13 டேப்பைப் பற்றி ஒரு புகார் பரவலாக உண்டு: முனைச் சரிவு நீளம், அடிவரை மரை வருவதில்லை, பாட்டமிங் டேப் (ஓட்டையின் அடிவரை மரை வெட்டும், சரிவு குறைந்த டேப்) தரவில்லை என்று. இது பாதி நியாயம். ட்ரிபிள் ஸ்டார்ட் டேப்பின் சரிவு நீளமாக இருப்பது சுமையைப் பல பற்களுக்குப் பகிர்ந்துகொடுக்கத்தான். சரிவைக் குறைத்தால் திருப்பவே முடியாது. மூடிக்குள் அது தொந்தரவும் இல்லை. 4 மி.மீ. முழு மரைக்குப் பின்னால் கழுத்து முழுவதும் போய் உட்காரும் இடம் இருக்கிறது. அரைகுறை மரை 5 மி.மீ. நீண்டாலும் கழுத்தைத் தொடாது. கண்ணாடிபோல் தெரியும் தண்டில் மட்டும் தேவைக்கு மேலான மரை வெளியே தெரிந்து அழகைக் கெடுக்கும். புகார் முழுசாகப் பொருந்துவது 10×1 டேப்புக்கு, அதைப் பிறகு பார்ப்போம்.

டேப்புக்கு முன் போடும் ஓட்டை 12.2. சிலர் இறுக்கமாக இருக்கட்டும் என்று 12.0 போடுகிறார்கள். மரை ஆழமாகத்தான் வரும், ஆனால் டேப்பைத் திருப்ப இரட்டிப்பு பலம் வேண்டும், சுவர் மெல்லியதாக இருந்தால் மூடியின் வாய் பிளக்கும். வெளிவிட்டத்தைக் கடைந்து முடிப்பதற்கு முன், தண்டு தடியாக இருக்கும்போதே டேப் போட்டுவிடுவது உசிதம். மூடி வாயில் முதல் 2 மி.மீ.க்கு 13.1 விட்டத்தில் மரையில்லாத வளையம் ஒன்று விட்டால், உதடு சிதறாது, முளையின் காடியும் உள்ளே மறைந்துவிடும்.

ட்ரில் போடும்போது அக்ரிலிக்கின் எதிரி சூடு. 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும், சீவல் பிட்டில் பசைபோல் சுற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் வேண்டாம். 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை முழுசாக வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிட வேண்டும். புது பிட் தண்டைக் கவ்வி இழுக்கிறது என்றால் வெட்டும் விளிம்பின் முகத்தைச் சாணைக்கல்லால் லேசாகத் தட்டையாக்கினால் அடங்கும். ஓட்டையின் சுவர் பால்போல் மங்கினால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். அந்தச் சுவரில் டேப் போட்டால் மரை பிசிறாகத்தான் வரும்.

சுவர்க் கணக்கில்தான் 12 ஜோடி அடிபடுகிறது. உடலின் முளையில் வெளியே மூடி மரை, உள்ளே கழுத்து மரை, இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதே சுவர். வெளியே 13×0.8 என்றால் பள்ளத்தின் அடி விட்டம் 12.0. உள்ளே 10×1 என்றால் அதன் பள்ளம் 10 வரை போகும். மிஞ்சுவது பக்கத்துக்கு 1 மி.மீ., அது தாங்கும். அதையே 12×0.8 ஆக்கினால் வெளிப் பள்ளம் 11.0, மிச்சம் அரை மி.மீ. கழுத்தைக் கொஞ்சம் அழுத்தித் திருகினாலே முளை மோதிரம்போல் கழன்று கையில் வரும். 12 மூடி வேண்டுமானால் கழுத்துக்கு 9×0.75 மரைதான் சரி, அப்போது சுவர் மறுபடி 1 மி.மீ. அந்த 9×0.75 ஜோடி இந்தப் பெட்டியில் இல்லை. 12ஐக் கொடுத்துவிட்டு அதன் துணையை விட்டது, செட்டைக் கட்டியவர் பேனா கடைந்து பார்க்கவில்லை என்பதையே காட்டுகிறது.

10×1 ஜோடி வேலை செய்கிறது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்து மரை ஒற்றைத் தொடக்கமாக இருப்பதே நல்லது. 8 மி.மீ. நீளத்துக்கு எட்டுச் சுற்று, தானாகத் தளராது. மை உறிஞ்சும் கன்வெர்ட்டர் இல்லாமல் உடலிலேயே மை ஊற்றுபவர்களுக்கு அந்த எட்டுச் சுற்றும் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸும் ஓர் ஓ-ரிங்கும் தேவை. டேப்பின் சரிவு இங்கேதான் இடிக்கிறது. வழக்கமாக உடலில் கன்வெர்ட்டருக்கு 8.5 விட்ட ஓட்டை ஆழமாகவும், மரைக்கு 9.0 விட்ட ஓட்டை மேலோட்டமாகவும் போடுவோம். டேப்பின் மூக்கு 8.5 படியில் போய் முட்டி நின்றுவிடும், மேலே மரை பாதிதான் வந்திருக்கும். தெரியாமல் அழுத்தித் திருப்பினால் வெட்டிய மரையையும் டேப் உருவிவிடும். 9.0 ஓட்டையை மரையின் நீளத்தைவிட 5 மி.மீ. கூடுதலாக இறக்கிவிட்டால் தீர்ந்தது. அல்லது இன்னொரு மலிவான 10×1 டேப் வாங்கி, மூக்கைச் சாணையில் தட்டி, பாட்டமிங் டேப்பாக வைத்துக்கொள்ளலாம். சாணை பிடிக்கையில் சூடேறி உலோகத்தில் நீலம் பாய விடக் கூடாது.

நிப் டேப் இந்தச் செட்டின் சத்தமில்லாத கெட்டிக்காரன். 7.4×0.5 என்பது சாதாரண மெட்ரிக் வரிசையில் இல்லாத அளவு, சாதா டூல்ஸ் கடையில் கேட்டால் கிடைக்காது. கூர்மையும் நன்றாக இருக்கிறது, கழுத்து ஊடுருவிய ஓட்டை என்பதால் சரிவும் பிரச்சினையில்லை. கவனம் ஓட்டையில்தான். மரையின் ஆழமே கால் மி.மீ.தான். 6.9 போட வேண்டிய இடத்தில் பிட் ஆடி 7.1 ஆகிவிட்டால் மரை பேருக்குத்தான் இருக்கும். நிப் யூனிட் திருகும்போது சரியாகப் போவதுபோல் போய், கடைசியில் வழுக்கிச் சுற்றும். இரண்டு வெட்டு விளிம்பும் சமமில்லாத பிட், தன் அளவைவிடப் பெரிய ஓட்டை போடும். புது பிட்டை முதலில் கழிவுத் துண்டில் ஓட்டி வெர்னியரில் பார்த்துவிட வேண்டும். நிப் யூனிட்டின் கழுத்துப்பட்டை உட்காரும் குழியை யூனிட்டைக் கையில் வைத்து அளந்தே வெட்டுங்கள். போக் என்பது இன்னொரு நிப் நிறுவனம், அதன் யூனிட்டும் ஜோவோ யூனிட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும் சாமான் அல்ல. போக் நிப் வைத்திருப்பவருக்கு இந்த டேப் உதவும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

டை ஹோல்டர்தான் ஏமாற்றம். டெயில்ஸ்டாக்கில் மோர்ஸ் 2 (லேத் கூம்புகளின் நிலையளவுகளில் ஒன்று) கூம்பில் நிற்கும் தண்டு, அதன்மேல் வழுக்கி ஓடும் தலை. அமைப்பு சரி, பொருத்தம் சரியில்லை. தலையைப் பிடித்து ஆட்டினால் கண்ணுக்கே தெரியும்படி ஆடுகிறது. டை நேராக நிற்க வேண்டும் என்பதற்காகவே இருக்கும் சாமான் கோணலாகப் பிடித்தால், மரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் மேலோட்டமாகவும் ஓடும். மூடி மூடினாலும் உடலோடு ஒரே கோட்டில் நிற்காது, மேசையில் உருட்டினால் தள்ளாடும். லேத் இருப்பவருக்குத் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்: தலையின் ஓட்டைக்கு வழுக்கினால் போதும் என்ற அளவில் ஒரு பித்தளைத் தண்டைக் கடைந்து, ட்ரில் சக்கில் மாட்டிக்கொள்ளலாம். ஆட்டம் நின்றுவிடும். இன்னொன்று: தலையின் குழி 38 மி.மீ. ஒன்றரை அங்குல டை அதைவிட 0.1 பெரிது, உள்ளே போகாது. பின்னாளில் வேறு அளவு டை வாங்கும்போது வெளிவிட்டம் மில்லிமீட்டரிலா, அங்குலத்திலா சொல்லியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கியபின் இந்த ஜோடிகளால் முதலில் செய்துகொள்ள வேண்டியது பேனா அல்ல, மாண்ட்ரல் (கடையும் பாகத்தை லேத்தில் பிடித்துக்கொள்ளும் துண்டு). மூடியை வெளியே கடையப் பிடிக்க 13×0.8 ஆண் மரை போட்ட ஒரு துண்டு, உடலைப் பிடிக்கப் பெண் மரை போட்ட ஒரு துண்டு. பித்தளையில் வெட்டலாம், ஆனால் ட்ரிபிள் ஸ்டார்ட் டையைப் பித்தளையில் கையால் ஏற்றுவது முதுகொடியும் வேலை. அசிட்டல் பிளாஸ்டிக் தண்டில் வெண்ணெய்போல் வெட்டுகிறது, மாண்ட்ரலுக்கு அந்த வலு போதும். இரண்டையும் ஈஆர் 32 கோலெட்டில் (சுற்றிலும் சமமாக இறுக்கும் பிடிப்பான்) பிடித்தால், எடுத்து மாட்டினாலும் மையம் அதிகம் விலகாது.

கோடும் சுழியுமாக நிறம் ஓடும் தண்டில் கடைபவர்களுக்கு ட்ரிபிள் ஸ்டார்ட் இன்னொரு வரமும் தருகிறது. மூடி மூன்று தொடக்கங்களில் நுழையும், அதனால் மூடியபின் 120 டிகிரி இடைவெளியில் மூன்று விதமாக நிற்கும். மூன்றையும் பார்த்து, மூடியின் கோடு உடலின் கோட்டைத் தாண்டாமல் அதற்கு மிக அருகே வந்து நிற்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய இடைவெளியை மூடியின் வாயைச் சீவிச் சரிக்கட்டலாம். ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. என்பதால் 0.1 மி.மீ. சீவினால் மூடி 15 டிகிரி கூடுதலாகத் திரும்பும். எந்த நிலையிலிருந்தும் 0.8 மி.மீ.க்குள் கோடு கோட்டோடு சேர்ந்துவிடும். மூடி முட்டி நிற்பது உடலின் படியில்தானா, உள்ளே கழுத்திலா என்று முதலில் உறுதி செய்துகொள்ளாமல் சீவத் தொடங்கினால், வாயைச் சீவியும் கோடு அசையாது.

பெட்டி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை. கழிவுத் தண்டில் 13 டேப்பால் ஒரு துண்டு, டையால் ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, மூன்று தொடக்கத்திலும் மாற்றி மாற்றித் திருகிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே இறுக்கம் என்றால் சரக்கு நல்லது. இரண்டில் வழுக்கிப் போய் ஒன்றில் மட்டும் பிடித்தால், மூன்று மரையின் இடைவெளி சமமாக இல்லை. டையைச் சுருக்கினாலும் விரித்தாலும் அது சரியாகாது. அந்த ஜோடியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.